சின்னிக்கு ஒபரேஷன்: மூன்று வீண் அலைச்சலும் நாலாவது பயணமும்

நேற்றுத்தான் சின்னியின் தையல் பிரித்தார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பூனைக்குக் கருத்தடை செய்ய இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன். கொழும்பில் கையில் காசில்லாமல் பூனை வளர்க்கிற யாருக்காவது ஒரு பயணமாவது மிச்சமாகட்டும்.

சின்னி மூன்று நிறப் பூனை. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்து வடிகானுக்குள் கத்திக்கொண்டு கிடந்தவளை மகன் தூக்கி வந்தான். மூன்று நிறம் என்றால் பெண்ணாகத்தான் இருக்கும், ஆண் அபூர்வத்திலும் அபூர்வம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் அவளே தெரியப்படுத்திவிட்டாள். முதல் ஈற்றில் நாலு குட்டி. நாலுக்கும் வீடு தேடி நான் பட்ட பாடு தனிக் கதை. பால் கொடுக்கிற பூனை சினைப்படாது என்று நம்பியிருந்தேன். படும். குட்டிகள் முலையை விடுமுன்பே இவள் கூரையில் ஏறிக் கத்தத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வழி மலிவானது: "நாங்க போடுற குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையில பாதியக் குடு." நல்ல மனசோடுதான் சொன்னா. ஆனால் அந்த ஓமோன் பூனையின் கருப்பையில் சீழ் வைக்கச் செய்யலாம், முலையில் கட்டி வரச் செய்யலாம். அப்படி வந்தால் கருத்தடைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு கொடுத்து உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போன் பண்ணினேன். 14,000 ரூபாய் என்றார்கள். இரத்தப் பரிசோதனை, மருந்து, கழுத்துக் கூம்பு எல்லாம் அதற்குள்ளா என்று கேட்டேன். இல்லையாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 22,000ஐத் தாண்டியது. நான் வீட்டில் இருந்து கடைக்குச் சாரிச் சட்டை தைக்கிறவள், ஒரு சட்டைக்கு 700 ரூபாய். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். 2022இல் டொலர் ஏறியதிலிருந்து வெளிநாட்டு மருந்தெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் நீங்கள் கேட்கும்போது "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு? சினையாக இருந்தால் கூடுமா?" என்று கேளுங்கள்.

அப்புறம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மகரகமப் பக்கம் ஒரு பன்சலையில் (பௌத்த விகாரையில்) இலவசக் கருத்தடை முகாம், காலை 8 மணிக்கு. விழுந்தடித்துக்கொண்டு புறப்பட்டேன். கூடை வாங்கக் காசில்லை, கடையில் கேட்டு வாங்கிய பால்மா பெட்டியில் ஓட்டை போட்டு அவளை வைத்தேன். கோட்டையில் 138 பஸ் ஏறினேன். கொண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், பெட்டி கத்தியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிருலப்பனை தாண்டும்போது சின்னி பெட்டிக்குள் சிறுநீர் கழித்தாள். அட்டை ஊறினால் என்ன ஆகும் என்று யோசிக்காதது என் பிழை. அடிப்பக்கம் கையோடு வந்துவிட்டது. அவளைச் சால்வையால் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நுகேகொடையில் இறங்கி, ஓட்டோவுக்கு 900 ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். மேசையில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமலே சொன்னது: "பல்லன்ட விதரய்." நாய்களுக்கு மட்டும்.

செய்தியில் அது இல்லை. இருந்தால் சிங்களத்தில் வந்த படத்தில் இருந்திருக்கும், எங்களுக்கு அனுப்பியவர் அதை வெட்டிவிட்டார். முகாம் என்று கேள்விப்பட்டால் முதலில் போன் பண்ணி மூன்று கேள்வி கேளுங்கள். பூனை எடுப்பீர்களா? எத்தனை நம்பர், எத்தனை மணிக்குத் துண்டு முடியும்? வெளி ஆட்களுக்கு உண்டா, அந்தப் பகுதி ஆட்களுக்கு மட்டுமா? இந்த மூன்றையும் கேட்டிருந்தால் எனக்கு அன்றைய நாள் மிச்சம்.

திரும்பி வரும்போது சால்வைக்குள்ளிருந்து என் மணிக்கட்டைக் கீறினாள். அதையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி போடாத பூனை கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு அரச ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். விசர்நோய் (ரேபிஸ்) ஊசி தேவையென்றால் அங்கே இலவசமாகவே போடுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற வேலை வேண்டாம். நான் போனேன்.

இரண்டாவது, ஒரு அரச மிருக வைத்திய அலுவலகம். பெயர் வேண்டாம். முதல் நாள் போனால் கேட் பூட்டு. காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. வீட்டில் இருந்து தைக்கிறவளுக்குச் செவ்வாயும் ஒன்று, போயாவும் ஒன்று. நல்ல வேளை, அந்த முறை பூனையைக் கொண்டு போகவில்லை.

மறுபடி போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தைத் தள்ளினார். முழுக்கச் சிங்களம். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் ஒன்று தாருங்கள் என்றேன். தமிழ் தெரிந்த மிஸ் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. அந்தக் கவுண்டருக்கு மட்டும் இன்னும் திங்கட்கிழமை வரவில்லை. நான் நகரவில்லை. நாலு கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு நானா, "குடுங்க தங்கச்சி" என்று வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி நிரப்பித் தந்தார். மயக்க மருந்தில் உயிருக்கு ஆபத்து வரலாம், அதற்குச் சம்மதம் என்றொரு வரி அதில் இருந்தது. அவர் இல்லாவிட்டால் அதைத் தெரியாமலே கையெழுத்துப் போட்டிருப்பேன். எங்கே போனாலும் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திகதி மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. மூன்று வாரம் கத்துகிற பூனையை ஒற்றை அறை வீட்டில் பூட்டி வைப்பதென்றால் என்னவென்று பூட்டி வைத்தவர்களுக்குத்தான் தெரியும். கூரைத் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியை எல்லாம் துணித் துண்டுகளால் அடைத்தேன். மகன் கதவைத் திறந்தால் நான் கத்துவேன், நான் திறந்தால் அவன் கத்துவான். ஒரு தரம் வெளியே போனால் போதும், ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று.

அந்த நாளும் வந்தது. இந்த முறை பெட்டி இல்லை. சந்தையில் இரண்டு பிளாஸ்டிக் மரக்கறிக் கூடை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, கேபிள் டையால் கட்டினேன். இரண்டும் சேர்த்து 760 ரூபாய். கழுவலாம், காற்று வரும், ஊறாது. கடையில் விற்கிற பூனைக் கூண்டின் விலையை நான் சொல்லப் போவதில்லை. உள்ளே பழைய துவாய், மேலே ஒரு சாரித் துண்டு. இருட்டாக இருந்தால் சத்தம் பாதியாகக் குறையும். செவ்வாய்க்கிழமை ஆனதால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் கூட்டம் நெருக்கியது, ஓட்டோ சுற்றிக்கொண்டு போயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நம்பர் எட்டு. வெற்றி என்றே நினைத்தேன்.

டொக்டர் கேட்டார், "காலையில ஏதும் சாப்பிட்டதா?" இல்லை என்றேன். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், இரவு பத்து மணிக்கே தட்டை எடுத்து வைத்துவிட்டேன். டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா சொன்னா: "விடிய அஞ்சு மணிக்குப் பாவமாக் கத்திச்சு பிள்ள. ஒரு துண்டு சாளை மீன்தான் குடுத்தன்."

ஒரு துண்டு சாளை. மூன்று வாரக் காத்திருப்பு. அடுத்த திகதி இன்னும் ஒரு மாதம் கழித்து. வெளியே வந்து படியில் இருந்து அழுதேன், அம்மா மேல் வந்த கோபத்தில் பாதி, என் மேல் பாதி. தட்டை எடுத்து வைத்தேனே தவிர வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லவில்லை. எத்தனை மணித்தியாலம் பட்டினி, தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்பதை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள், சின்னக் குட்டி என்றால் நேரம் குறைவு. கேட்டதைக் கடுதாசியில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள்.

நாலாவது பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் தைக்கிற கடையில் சட்டை வெட்டுகிற அண்ணா தன் பூனையைக் கொண்டுபோன இடத்தின் நம்பரைத் தந்தார். விலங்கு நல அமைப்பொன்று நடத்துகிற சின்ன கிளினிக். 6,500 ரூபாய், நோவு மருந்து, விசர்நோய் ஊசி எல்லாம் அதற்குள். என்னிடம் 4,000 இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்: மிச்சத்தைத் தையல் பிரிக்கிற நாளில் தரலாமா? "பிரச்சினை இல்ல அக்கா" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் ஒரு வாரமாகப் பயந்திருந்தேன். காலையில் கொடுத்து மாலையில் எடுத்தேன், நிறை 2.6 கிலோ, சினை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கலவரம். மயக்கம் முழுதாகத் தெளியாத பூனை கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று மகன் அழத் தொடங்கிவிட்டான். அந்த மருந்துக்குக் கண் மூடாது. தரையில் ஒரு மூலையில், துவாய்க்குள் சூடாக, வெளிச்சம் குறைவாக வைத்தால் போதும். கட்டில் மேல் வைக்காதீர்கள், எழும்பித் தள்ளாடி விழும். நேராக நடக்கும் வரை சாப்பாடும் வேண்டாம். அம்மாவிடம் இதை மூன்று தரம் சொன்னேன்.

இரவு முனகினாள். பக்கத்து வீட்டு அக்கா மறுபடி வந்தா, இந்த முறை கையில் பனடோலோடு. "பாதி குடு, நோவு நிக்கும்." எனக்கும் கை போனது, உண்மையைச் சொல்ல வேண்டும். மனிதருக்கு நல்லது பூனைக்கும் நல்லதுதானே என்றுதான் நினைப்போம். கிளினிக்கில் தந்த துண்டில் சிவப்பால் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: பனடோல் வேண்டாம். அதில் இருக்கிற பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் போகும், பல்முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும். ஒரு மாத்திரையே கொல்லப் போதும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே டொக்டரிடம் ஓடுங்கள். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற மருந்துகளிலும் சிலது பூனைக்கு நஞ்சு, பெட்டியில் பெர்மெத்ரின் என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு 1,200 ரூபாய் என்றிருந்தார்கள். இந்த இடத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. மகனின் பழைய பெனியனை எடுத்தேன், கழுத்தில் இருந்து வால் அடி வரை அளந்தேன், காலுக்கு நாலு ஓட்டை, முதுகில் நாடா. வாலடியில் தாராளமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நனைத்துக்கொள்வாள். முதல் நாள் போட்டவுடன் பக்கவாட்டில் விழுந்து, இனி என்னால் நடக்கவே முடியாது என்பது போல் கிடந்தாள். இரண்டாம் நாள் அதோடு ஜன்னலில் ஏறினாள். தினமும் நாடாவை அவிழ்த்துத் தையலைப் பார்த்தேன். சிவந்து வீங்கினால், நீர் வடிந்தால், சாப்பிடாமல் கிடந்தால் உடனே கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

நேற்று பதினோராம் நாள். மிச்சம் 2,500ஐ எண்ணிக் கொடுக்கக் கையை நீட்டினேன். தையல் பிரித்த பிள்ளை சின்னியின் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கே வாங்கியது அக்கா என்று கேட்டது. நான் தைத்தது என்றேன். உள்ளே போய் டொக்டரோடு கதைத்துவிட்டு வந்தது. மூன்று அளவில் பத்துச் சட்டை, ஒன்று 250 ரூபாய். 2,500 என் கையிலேயே இருக்கட்டும், சட்டையைக் கொண்டு வந்து தந்தால் போதும் என்றார்கள்.

அடுத்த மாதம் சின்னியின் மகனைக் கொண்டுபோக வேண்டும், நாலு குட்டியில் வீடு கிடைக்காமல் எங்களோடு தங்கிவிட்டவன். ஆண் என்பதால் செலவு குறைவு. திகதி எழுதி வாங்கிவிட்டேன், குசினிக் கதவில் ஒட்டியாயிற்று. முதல் நாள் இரவு வீட்டில் இருக்கிற மீனெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் பிரிஜ்ஜுக்குப் போகும்.