அடிமனை நீங்கலாக

முன்னே திண்ணை, நடுவே முற்றம், கொல்லையில் இரண்டு தென்னை. விலையோ எதிர்ச்சாரி வீட்டுக்குக் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். காவிரிக் கரையிலுள்ள எங்கள் ஊரில் இப்படியொரு ஓட்டு வீடு கிடைத்தபோது, விலை ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்கத் தோன்றாமல், யோகம் என்று எண்ணி ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் எழுதினேன்.

சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவுமில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கிட்டுக் கட்டி, டோக்கன் கிடைத்த நாளில் விற்பவரோடும் சாட்சிகளோடும் சார்பதிவாளர் அலுவலகம் சென்றேன். பிற்பகல் மூன்று மணிவரை காத்திருந்த பிறகு, "இந்த எண் பதிவாகாது" என்று சொல்லிவிட்டு எழுத்தர் அடுத்தவரின் கோப்பை எடுத்தார். காரணத்தை மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை, தலை நிமிராமலே, "22-ஏ" என்றார்.

அதற்குப் பொருள் சொன்னவர், வெளியே தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர். கோயில் நிலத்தை உரிய அதிகாரியின் அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் அந்தப் பிரிவு தடுக்கிறது. அவர் மூலப்பத்திரத்தை வாங்கி, சொத்து விவரத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்: "அடிமனை நீங்கலாக மேல்கட்டடம் மட்டும்." அதாவது, கட்டடம் நிற்கும் மண் விற்பனையில் சேராது. நானும், நான் கூலி கொடுத்து அமர்த்திய பத்திர எழுத்தரும் நான்கு எல்லைகளை மட்டும் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தோம்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் பல தெருக்களின் மண் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. குடியிருப்பவர்கள் அடிமனை வாடகை கட்டி, மேலே எழுப்பிய கட்டடத்தை மட்டுமே தலைமுறையாக விற்று வாங்கி வந்திருக்கிறார்கள். 1959 ஆம் ஆண்டின் அறநிலையத்துறைச் சட்டம், 34 ஆம் பிரிவில், கோயில் நிலத்தை விற்பதற்கும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் ஒப்புதலைக் கேட்கிறது. அடிமனை இல்லாத வீட்டை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். ஒரே தெருவில் இரண்டு விலை நிலவுவதன் காரணம் இதுதான். தரகர் இதை வாய்திறந்து சொல்ல மாட்டார்.

உரிமையில் குறையிருந்தால் முன்பணம் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் என் மைத்துனர் பிடிவாதமாகச் சேர்த்திருந்தார். அன்று அவரைக் கேலி செய்தேன். நான்கு மாதம் இழுத்தாலும், பணம் முழுமையாகத் திரும்பியது அந்த வரியால்தான். கட்டிய தீர்வையைத் திரும்பப் பெற அலைந்தது தனிக்கதை.

இரண்டாவது வீட்டுக்கு முதல் நாளே நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரைப் பார்த்தேன். மனைக்கு இப்போதுள்ள நகர அளவை எண்ணோடு பழைய சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று கேட்டு விண்ணப்பம் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள் இருக்க, விற்க வந்தவர்கள் மூவர். "அக்காவுக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே" என்றார் மூத்தவர். உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல, இரண்டு வாரம் கடந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அந்த அம்மாள் வந்து பெருவிரல் ரேகை வைத்த பிறகே மீதித் தொகையைக் கொடுத்தேன்.