அரை நாள் விடுப்பும் பறக்கும் ரயிலும்

திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்த தம்பதியர் சேர்ந்து வெளியே போவதே இல்லை என்று சொல்ல முடியாது. உறவினர் வீட்டுக் கல்யாணம், பள்ளியில் பெற்றோர் கூட்டம், மாத முதல் வாரத்து மளிகை என்று போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அவை எல்லாமே வேலைகள். ஒரு வேலையும் இல்லாமல் இருவர் மட்டும் போய்வரச் சென்னையில் எங்கே இடமிருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்டதால், எனக்கும் என் கணவருக்கும் பிடித்துப்போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் ஒரு வார நாளில் இருவரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டால், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அவர்கள் வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம். (இதில் உள்ள திருட்டுச் சுகம் காதலித்து மணந்தவர்களுக்குப் பழையது, பெரியவர்கள் பார்த்து முடித்துவைத்த எங்களைப் போன்றவர்களுக்குப் புதியது.)

திரையரங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மணி நேரம் இருட்டில் வாய்மூடி உட்கார்வதற்கு இருவர் எதற்கு? வணிக வளாகமோ கடைசியில் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்குவதில்தான் முடியும். இருவரும் சேர்ந்து பார்க்கவும், பார்த்ததைப் பற்றி உடனே பேசவும் ஏதாவது இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் தவணைக் கணக்கும் மாமியார் புராணமும் தாமாகவே பின்னுக்குப் போய்விடுகின்றன.

அதற்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1851-இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் வந்தவர்களுக்குத் திமிங்கல எலும்புக்கூடு மட்டுமே நினைவிருக்கும். நீங்கள் நேராகச் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்துக்குச் செல்லுங்கள். அங்கே திருவெண்காட்டில் கிடைத்த, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை; சிவன் பக்கம் இரண்டு கைகள், உமை பக்கம் ஒரே கை. பாதி வீட்டைத் தாங்குகிறவளுக்கு ஏன் ஒரு கை மட்டும் என்று நான் கேட்க, அந்த ஒரு கையின் அழகுக்கு மற்ற இரண்டும் ஈடாகாது என்று கணவர் சமாளிக்க, வழக்கு காபிக் கடை வரை நீண்டது. வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அதிகச் செலவில்லாமல் போய்வர வேண்டுமானால் பறக்கும் ரயில் இருக்கிறது. 1995-இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிய இந்த ரயிலில், அலுவலக நெரிசல் அடங்கிய முற்பகலில் சன்னலோர இடம் எளிதாகக் கிடைக்கும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உயரத்தில் செல்லும்போது மொட்டை மாடிகளில் காயும் வடகமும், கோட்டூர்புரத்தை நெருங்கும்போது அடையாறும் தெரியும். திருமயிலையில் இறங்கினால் நண்பகலில் கபாலீசுவரர் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பது உண்மைதான். கூட்டமில்லாத மாட வீதிகளில் நிதானமாக நடக்க அதுவே வசதி.

முழு நாள் கிடைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குப் போகலாம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். எந்த வீட்டில் குடியேறுவது என்று இருவரும் தனித்தனியே முடிவுசெய்துவிட்டுப் பிறகு சொல்லிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் திறந்திருக்காது.

மார்கழிக்குத் தனிக் கணக்கு. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சபாக்களுக்குப் போகலாம். மாலைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்க அலைய வேண்டாம். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. பாடுகிற இளையவர்களைக் கேட்டபடி ராகத்தை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பந்தயம் கட்டிவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் சபா உணவகத்தில் இடம்பிடித்துவிடலாம்.