‘நாங்கள் எல்லாரும் தமிழர்தானே’ என்று தொடங்காதீர்கள்

இலங்கையின் கிழக்கில் தமிழ், முஸ்லிம் ஊர்களைச் சேர்த்துப் பேச வைக்கும் கூட்டங்களில், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டே காரியத்தைக் கெடுக்கிற வசனம் இது. மொழி ஒன்றுதான். ஆனால் இங்கே குடிசன மதிப்பீட்டிலும் சரி, சந்தைப் பேச்சிலும் சரி, முஸ்லிம் என்பது தனி இனம். தமிழர் என்றால் சைவரும் கிறிஸ்தவரும். ‘எங்களுக்குள் கரைந்துவிடுங்கள்’ என்றுதான் அந்த வசனம் மறுபக்கத்துக் காதில் விழும். அழைப்புக் கடிதத்திலேயே ‘தமிழ், முஸ்லிம் மக்கள்’ என்று இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் வைக்க வேண்டாம்: ஒரு பக்கம் ஜும்மா, மறுபக்கம் விரதம். சனி காலை 9 மணிக்குத் தொடங்கினால் ளுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு முன் முடிக்கலாம். ஓகஸ்ட் முதல் இரு வாரங்களையும் விட்டுவிடுங்கள். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் இரண்டு பக்கமும் துக்கத்தில் இருக்கும். யாருடைய இழப்புப் பெரிது என்ற கணக்குத் தொடங்கிவிட்டால் வேறெதுவும் நடக்காது.

குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்குங்கள். சாப்பாடு மரக்கறியாக இருக்கட்டும். கோயிலில் படைத்த பொங்கலைப் பொதுவில் பரிமாற வேண்டாம், பல முஸ்லிம்கள் அதைத் தொடமாட்டார்கள், மறுத்தால் கோயில்காரருக்கு மனம் நோகும்.

காணிப் பிணக்குத்தான் உண்மையில் கடினம். மட்டக்களப்புப் பக்கம் இரு சமூகத்திலும் தாய்வழிக் குடிமுறை, அதாவது தாயின் குடியே பிள்ளைக்கும் வரும் வழக்கம், உண்டு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் என்ற பொறுப்புகளும் வழக்கமாகக் குடிவழியில் வந்தவை. வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாக மகளுக்கே போகும். கூட்டத்துக்கு வருவதோ தகப்பனும் மருமகனும். அவர்கள் ஒத்துக்கொண்ட எல்லையை, காணி உறுதிப் பத்திரத்தில் பெயருள்ள பெண் வேலி போடும் அன்று மறுப்பார். அதில் அவர் பிழை எதுவும் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே உறுதிகளை முதலில் பாருங்கள். பெயருள்ள பெண்களை அவரவர் ஊரில் தனியே ஒரு தரம், பிறகு சேர்த்து ஒரு தரம் கூப்பிடுங்கள். பாடசாலைகூட தமிழ், முஸ்லிம் என்று பிரிந்திருக்கிற இடத்தில் பொது மண்டபம் தேடி அலையத் தேவையில்லை. முதல் கூட்டம் ஓர் ஊரில் என்றால் அடுத்தது மற்ற ஊரில்.