மவுஸ் வயரில் பிறந்த புரோகிராமர்

மைக்ரோகண்ட்ரோலர் என்ற, ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிக்குள் புரோகிராமை ஏற்ற, புரோகிராமர் என்ற ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியின் நடுவிலும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர்தான் இருக்கிறது. அப்படியென்றால் அதற்குள் முதலில் ஏற்றுவது எப்படி? 2012இல் கிளிநொச்சியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எங்கள் நாலு பேரையும் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

மீள்குடியேறிச் சில வருடங்கள்தான். ஆய்வுகூடத்துக்குக் கூரை வந்துவிட்டது, சாமான் வரவில்லை. யாழ்தேவி ரயில் கிளிநொச்சியை மீண்டும் எட்டியதே 2013 செப்டெம்பரில். அதுவரை கொழும்பில் வாங்கும் ஒரு தடையிகூட ஏ9இல் பஸ் ஏறித்தான் வரவேண்டும். ஜேர்மனியரான தோமஸ் ஃபிஷ்ல் எல்லோருக்குமாகத் திறந்துவிட்ட யூஎஸ்பிஆஸ்ப் என்ற, யூஎஸ்பியில் செருகும் புரோகிராமரின் சுற்றுப்படம் எங்கள் கையில் இருந்தது. ஏடிமெகா8 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப், அதற்குத் துடிப்புக் கொடுக்கும் 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு, இரண்டு சேனர் இருவாயி, கொஞ்சம் தடையி, கொள்ளளவி. இவ்வளவுதான்.

கேபிளுக்குப் பழுதான மவுஸ் ஒன்றின் வயரை வெட்டினோம். சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு புவி, வெள்ளையும் பச்சையும் தரவுக் கம்பிகள். சிப் 5 வோல்ட்டில் ஓடுகிறது. தரவுக் கம்பியிலோ 3.6 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. வரைபைப் பாடமாக்கிப் புள்ளி வாங்கிய சேனர் இருவாயி எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது: கம்பிக்கும் புவிக்கும் நடுவில் நின்று மிஞ்சிய வோல்ட்டை வெட்டுகிறது. அதுவும் அரை வாட் சேனராக இருக்கவேண்டும். ஒரு வாட் போட்டால் அதன் கொள்ளளவம் சைகையை மழுக்கிவிடும்.

வெள்ளைக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் ஒரு தடையிதான், வந்திருப்பது மெதுவேகச் சாதனம் என்று கணினிக்குச் சொல்கிறது. மெதுவேகம் என்றாலும் செக்கனுக்கு 15 இலட்சம் பிற்று. 12 மெகாஹேர்ட்ஸில் ஒரு பிற்றுக்குப் பளிங்கின் எட்டுத் துடிப்பு. யூஎஸ்பிக்கென்று உள்ளே எதுவுமே இல்லாத அந்தச் சிப், புரோகிராமின் பலத்தில் மட்டும் ஒவ்வொரு பிற்றையும் அந்த எட்டுத் துடிப்புக்குள் பிடிக்கிறது. இன்றைக்கும் எனக்கு அது மலைப்புத்தான்.

முதற்கேள்விக்கு விடை ரேடியோ திருத்தும் அண்ணையின் கடையில் கிடைத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறை அவர். 25 ஊசிப் பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கொம்பியூட்டர் ஒன்றை எறியாமல் வைத்திருந்தார். "கொண்டு வாங்கோ தம்பியவை, ஏத்திப் பாப்பம்" என்றார். அந்தப் போர்ட்டிலிருந்து நாலு கம்பியும் புவியும், இடையில் தடையிகள். புதுச் சிப் தன் உள் துடிப்பான 1 மெகாஹேர்ட்ஸில்தான் ஓடும், ஆகவே மெதுவாகவே ஊட்டவேண்டும். அதை வெளிப் பளிங்குக்கு மாற்றும் ஃபியூஸ் பிற்று என்ற அமைப்பைப் பிழையாக எழுதினால் சிப் வாயே திறக்காது. ஒருவர் எண்ணை வாசிக்க, அண்ணை சரிபார்க்க, மற்றவர் தட்டினார்.

ஒன்று பிறந்தபின் பிரிண்டர் போர்ட் தேவைப்படவில்லை. அதைக்கொண்டே மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று செய்தோம். நான் ஏற்றிய அடுத்த சிப், தாங்கி நிரம்பியதும் எங்கள் வீட்டு மோட்டரை நிற்பாட்டியது.

இன்று அறிவியல் நகரில் பொறியியல் பீடமே இருக்கிறது. செய்து முடித்த புரோகிராமரும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் இப்போதைய பிள்ளைகள் ஒருமுறை கையால் செய்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் சங்கம் அந்தப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி அனுப்புவது நல்ல காரியம். அதோடு ஒரு வகுப்புக்குப் போதுமான ஏடிமெகா8, பளிங்கு, அரை வாட் சேனர் வாங்கி அனுப்புவோம். சிப்பை வெறுமையாகவே அனுப்புங்கள். பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கொம்பியூட்டர் யாரிடமாவது இருந்தால் அதையும் தாருங்கள், முதலாவதை அவர்களே ஏற்றட்டும்.