அம்மம்மாட லேஞ்சி முடிச்சு

முதல்ல ஆண்டவருக்குத் தோத்திரம். இருபத்திரண்டு வருசமா கிடப்பில கிடந்த ஒரு பொருத்தனை 2017 ஆவணியில நிறைவேறிச்சு, இப்பவும் எழுதாட்டி பேந்து மறந்துபோவன் எண்டுதான் இதை எழுதுறன்.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில மெதடிஸ்த மிஷன் தொடங்கின வேம்படிப் பள்ளிக்கூடத்தில படிச்சவ. 1995 ஐப்பசி 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தால நெரிபட்டுப் போகேக்க, மழைக்குள்ள நிண்டுகொண்டு, என்ர பிள்ளையள் பேரப்பிள்ளையள் எல்லாம் உயிரோட கரை சேர்ந்தால் எங்கட ஊருக்குப் பாதிரிமாரை அனுப்பின கோயிலில காணிக்கை போடுவன் எண்டு பொருத்தனை பண்ணினவவாம். கையில இருந்த சில்லறைக் குத்தியளை லேஞ்சியில, அதுதான் கைக்குட்டையில, முடிஞ்சு சட்டைக்குள்ள வைச்சவ. சாகுமட்டும் அதை அவிழ்க்கேல்ல. பேந்து அந்த லேஞ்சி அம்மாட்ட வந்திது. அம்மா இங்கிலாந்தில அக்காட்ட பிராட்போர்டுக்கு வரேக்க வேற ஒண்டும் ஒழுங்காக் கொண்டரேல்ல, மிளகாய்த்தூளும் இந்த முடிச்சும்தான்.

சரி, எந்தக் கோயில்? அதுதான் பெரிய சிக்கல். மெதடிஸ்த மிஷன் எண்டு ஒண்டை முதல் முதலாத் தொடங்கினது லீட்ஸில ஒரு பழைய சேப்பலில, 1813 ஒக்டோபர் 6ம் திகதி கூடின கூட்டத்தில. அந்த வருசக் கடைசியிலயே தோமஸ் கோக் எண்ட பாதிரியார் தலைவராய் நிண்டு எங்கட பக்கம் வாற பாதிரிமாரோட கப்பலேறி, வழியில 1814 மே மாசம் கடலிலயே மோசம் போயிட்டார். மிச்ச ஆக்கள் தலைவர் இல்லாமலே காலியில வந்து இறங்கிச்சினம். லிஞ்ச்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் வந்தவை, மட்டக்களப்புக்குப் போன ஓல்ட் ஒரு வருசம் கூட இருக்கேல்ல, 1815 சித்திரையில அவரும் மோசம் போயிட்டார். காலியிலயே நிண்ட பெஞ்சமின் கிளவ், அவர் பிராட்போர்ட் பெடியன், அக்கான்ர ஊர்! இதைச் சொன்னவுடன அம்மாக்கு முகமெல்லாம் பூத்திட்டுது. ஆனா லீட்ஸில அந்தச் சேப்பல் இப்ப இல்லை. இடம் இல்லாட்டி பொருத்தனை என்ன ஆகும் எண்டு அம்மா ரெண்டு நாள் சாப்பாடு ஒழுங்கா இல்லை. கடைசியில நான்தான் சொன்னன், அந்தக் காலத்தில கட்டி இண்டைக்கும் ஜெபம் நடக்கிற மெதடிஸ்த சேப்பல் ஒண்டுக்குப் போவம், ஆண்டவர் விலாசம் பாக்கிறேல்லத்தானே எண்டு. அம்மா ஒரு மாதிரித்தான் பாத்தவ, எண்டாலும் ஓம் எண்டிட்டா.

அப்பிடித்தான் ஹெப்டன் பிரிட்ஜ் எண்ட ஊருக்கு வெளிக்கிட்டம். பிராட்போர்டில ரெயின் ஏறினா கொஞ்ச நேரத்தில இறங்கலாம், பள்ளத்தாக்குக்குள்ள அடுக்கடுக்கா கறுத்தக் கல்லு வீடுகள், வடிவான ஊர்தான். ஆனா சனிக்கிழமை போனது எங்கட பிழை. றோட்டெல்லாம் ஆக்கள், நாயள், கோப்பிக் கடை வாசலில கியூ, சனத்துக்குள்ள அம்மாவைக் கையில பிடிச்சுக் கொண்டு போறதே பெரும்பாடு. மலைக்கு மேல இருக்கிற பழைய சேப்பல் எது எண்டு கேட்டா ஒரு கடைக்காரர் சேப்பலைச் சொல்லேல்ல, படம் போட்ட கோப்பையும் துவாயும் காட்டுறார். ஒரு பெரிய பாப்டிஸ்ட் சேப்பலைக் கண்டம், 1898ல கட்டினது, பேர்ச்கிளிஃப் எண்டு, இப்ப அது கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுற மண்டபம். அம்மா வாசலில நிண்டு சிலுவை போடுறதோ என்னவோ எண்டு யோசிச்சிட்டுப் பேசாமல் வந்திட்டா, நாங்கள் மெதடிஸ்தெல்லோ!

மற்றது அங்க பக்கத்தில வெயின்ஸ்கேற் எண்டு ஒரு இடம், அங்க ஜோன் ஃபோசெற் எண்ட போதகர் 1772ல லண்டன் சபைக்குப் போக வெளிக்கிட்டு, சாமானெல்லாம் வண்டியில ஏத்தினாப் பிறகு சனம் அழுறதைப் பாத்து எல்லாத்தையும் திரும்ப இறக்கி வைச்சிட்டு நிண்டிட்டாராம். இதை வழியில அம்மாக்குச் சொன்னன். அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து, "அவருக்கு இறக்க ஏலும் தம்பி" எண்டா.

சேப்பல் இருக்கிறது மேல, ஹெப்டன்ஸ்டோல் கிராமத்தில. பஸ் எங்கட கண்ணுக்கு முன்னால போயிட்டுது. அடுத்தது வரக் கன நேரம். நடப்பம் எண்டு வெளிக்கிட்டது தான் என்ர வாழ்க்கையில செய்த மடைத்தனம், பட்ரெஸ் எண்டு ஒரு கல்லுப் பாதை, முந்தி குதிரையில பொதி ஏத்திக் கொண்டு போன பாதையாம், செங்குத்தா ஏறுது, மழையில கல்லெல்லாம் வழுக்குது, அம்மான்ர முழங்கால் ஏற்கெனவே சரியில்லை. பத்தடிக்கு ஒருக்கா நிண்டு மூச்சு வாங்கி, சங்கீதம் சொல்லிச் சொல்லித்தான் ஏறினவ. நானும் வாய்க்குள்ள திட்டினனான், மன்னிக்கவேணும் ஆண்டவரே.

1764ல கட்டின சேப்பல். எட்டு மூலை, மெதடிஸ்த சபையைத் தொடக்கின ஜோன் வெஸ்லிக்கு அந்த அமைப்பில ஒரு பிரியம். கூரையை றொதரம்மில செய்து துண்டு துண்டா குதிரையில மலை தாண்டிக் கொண்டு வந்தவையாம், கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிக்கேக்கயே வெஸ்லி வந்து பிரசங்கம் பண்ணினவராம். 1802ல சனம் கூடினவுடன ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டினவை, அதால இப்ப கொஞ்சம் நீண்டு கிடக்கு.

உள்ளுக்கு ஒரு வயசான மனுசி பூ வைச்சுக் கொண்டு நிண்டா. எங்கயிருந்து வாறியள் எண்டு கேட்டா, யாழ்ப்பாணம் எண்டன். அப்பிடி ஒரு இடம் கேள்விப்படேல்லயாம். அம்மாக்கு வந்த கோபம்! "எங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டினவை, எங்களைத் தெரியாதாமே" எண்டு தமிழில என்னட்ட. பேர்சிவல் பாதிரியாரும் நாவலரும் சேர்ந்து பைபிள் மொழிபெயர்த்த கதை வரைக்கும் சொல்லச் சொன்னவ, நான் என்ர இங்கிலீசில கொஞ்சம் சொன்னன்.

காணிக்கைத் தட்டு மேசையில கிடந்திது. அம்மா லேஞ்சியை எடுத்தா. முடிச்சு அவிழேல்ல. இருபத்திரண்டு வருச வேர்வையும் மழையும் அதில இறுகிக் கிடக்கு, நகத்தால கிள்ளிப் பாக்கிறா, ஏலேல்ல, நான் வாங்கிப் பாத்தன், எனக்கும் ஏலேல்ல. அந்த மனுசி பூ வெட்டுற கத்தரிக்கோலை நீட்டினவ. அம்மா வேண்டாம் எண்டு தலையாட்டிட்டு முன் வாங்கில இருந்து பல்லால கடிச்சு இழுக்கத் தொடங்கிட்டா, எனக்கு வெக்கமாவும் கிடந்திது, நெஞ்சு அடைச்ச மாதிரியும் கிடந்திது. எவ்வளவு நேரமோ தெரியாது. அவிழ்ந்திது. மூண்டு ஐஞ்சு ரூபாக் குத்தி, ஒரு ரெண்டு ரூபாக் குத்தி. பதினேழு ரூபா.

தட்டில ஒவ்வொண்டா வைச்சா. அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் கேக்குது. பிறகு அம்மா விழுந்து அழுதா பாருங்கோ, பாலத்தடியில கூட அப்பிடி அழுததா எனக்கு ஞாபகம் இல்லை. அண்டைக்கு எங்களைக் கரை சேர்த்ததுக்கு, அக்கான்ர பிள்ளையளுக்கு, அம்மம்மா கடைசி மட்டும் நினைவோட இருந்ததுக்கு, எதுக்கெண்டு தனித்தனியாச் சொல்ல எனக்கும் வரேல்ல, தோத்திரம் தோத்திரம் எண்டு அது மட்டும்தான் வந்திது. அந்த மனுசியும் பக்கத்தில வந்து இருந்து அம்மான்ர கையைப் பிடிச்சுக் கொண்டா. இந்தக் குத்தி இஞ்ச செல்லாது எண்டு நான் சொன்னன். நாளைக்கு ஆராதனையில மற்றக் காணிக்கையோட சேர்த்து ஜெபத்துக்கு வைப்பன் எண்டவ.

வெளியில வரேக்க மழை விட்டிருந்திது. ரெண்டு பெடியள் வந்து யாரோ ஒரு கவிஞரின்ர கல்லறை எங்க எண்டு எங்களைக் கேட்டவங்கள், ஆளைப் பாத்தா வழிகாட்டி மாதிரியோ தெரியுது! திரும்பிப் போக பஸ் வரும் வரைக்கும் நிண்டம், அந்தப் பாதையால இறங்க நான் விடேல்ல. பஸ்சுக்குள்ள அம்மா கண்ணாடியைக் கழட்டி அந்த லேஞ்சியால துடைச்சுக் கொண்டு இருந்தா. முடிச்சு இருந்த இடத்தில மட்டும் துணி சுருங்கி நிமிரவே இல்லை.