வியட்நாம் பேட்ச்சைக் கரையேற்றிய அனுபவம்: அடுத்துப் பொறுப்பேற்கும் தம்பிகள் கவனத்துக்கு

பணி ஓய்வு பெற்று ஊருக்கு வந்து இத்தனை காலமாகியும், கேட் பாஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். சாதவாகனா நீர்மூழ்கிப் பள்ளியில் வியட்நாம் கடற்படையினருக்கு 2013 இறுதியில் பயிற்சி தொடங்கியது. மொத்தம் 500 பேர்வரை வருவார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நான் எலக்ட்ரிக்கல் பிரிவு சீஃப் (மூத்த மாலுமி). பின்னர் வந்த ஒரு பேட்ச்சுக்குப் பாடம் எடுக்கவும், அவர்களுடைய காகித வேலைகளைப் பார்க்கவும் என்னைப் போட்டார்கள். வந்தவர்கள் தங்கமான பிள்ளைகள். சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள், நோட்டில் எழுதாமல் எழுந்திருக்க மாட்டார்கள். உயிரை வாங்கியதெல்லாம் காகிதம்தான்.

முதலில் பெயர். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நடுவில் ஒரு பெயர், கூப்பிடும் பெயர் கடைசியில். அந்த நாட்டில் பத்துப் பேரை நிறுத்தினால் மூன்று நான்கு பேராவது நுயென். பள்ளிக்கு வெளியே பாஸ் போடும் ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) இருந்த கிளார்க், முதல் சொல்லை முழுசாக அடித்து, அடுத்ததற்கு ஓர் எழுத்தைப் போட்டு, மூன்றாவதை விட்டேவிட்டார். ஆண்களுக்கு நடுப்பெயராக வான் என்று வருவது அங்கே சர்வ சாதாரணம். அதனால் 'நுயென் வி.' என்று ஒரு கட்டு பாஸ் வந்து சேர்ந்தது. கேட்டில் நின்ற காவலருக்கு எல்லாம் ஒரே ஆள் போலத் தெரிந்தது. நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலையைத்தான் செய்தார். மொழிபெயர்ப்பாளரும் நுயென்தான், அவரும் வெளியே. சிமுலேட்டரில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த காலை நேரம் முழுக்க வெயிலில் போனது.

கிளார்க்கிடம் போனேன். "ஃபார்மில் ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு, மூணாவது பேரை எங்கே போடறது?" என்றார். தமிழ்நாட்டிலிருந்து ஃபோர்ஸில் சேர்ந்த யாருக்கும் இந்தக் கட்டம் தெரியும். என் இனிஷியலை விரித்து, என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, பத்து வருஷம் சம்பளச் சீட்டில் என்னை அப்பா பெயரில் கூப்பிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து பட்டியல் போட்டேன்: பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, பக்கத்தில் படம். எண்தான் அடையாளம், பெயர் துணைக்கு மட்டும். கிளார்க் அதையும் வாங்க மறுத்தார். பயிற்சி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பெறுதல் முத்திரை கேட்டு, முத்திரை விழும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. புது பாஸ் வந்தது. பேட்ச் இறங்குவதற்கு முன்பே இந்தப் பட்டியலைத் தயார் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெடிக்கல். காதுச் சோதனை முடியாமல் யாரையும், மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து தப்பிக்கும் பயிற்சிக்கு அனுப்ப முடியாது. அழுத்த அறைக்குள் உட்காரவைத்து அழுத்தத்தை ஏற்றுவார்கள். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும். சளி இருந்தால் திறக்காது, செவிப்பறையே கிழியலாம். பையன்கள் தங்கள் ஊரிலேயே எல்லாச் சோதனையும் முடித்து, ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) முதற்கொண்டு கோப்பாகக் கொண்டுவந்திருந்தார்கள். அத்தனையும் வியட்நாம் மொழியில். மொழிபெயர்த்து முத்திரை வைத்த பிரதி இல்லை. எங்கள் பக்கம் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "செல்லாது" என்றார்கள். எல்லோருக்கும் முதலிலிருந்து சோதனை. ஆடியோகிராம் என்பது கோடும் எண்ணும்தான், எந்த நாட்டுக் காது மருத்துவரும் ஒரு பார்வையில் படித்துவிடுவார். அதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதற்குள் அழுத்த அறையின் முறை வேறு பேட்ச்சுக்குப் போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சளி பிடித்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். பேட்ச்சை விட்டுப் பின்தங்கினால் நாட்டுக்கே அவமானம் என்று நினைக்கிறார்கள். அறைக்குள் போகும் நாளில் ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள். மூக்கை உறிஞ்சினால் தள்ளி உட்காரவையுங்கள், பிறகு அனுப்பிக்கொள்ளலாம். ஒரு பையனை அப்படி நிறுத்தினேன். அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. அடுத்த முறை தேறி வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சாப்பாடு, தங்குமிடம், நீச்சல், எதிலும் சிக்கல் இல்லை. விசாகப்பட்டினத்தில் மீனுக்கா பஞ்சம்.

வகுப்பில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது, அதற்கும் காரணம் காகிதமே. கிலோ ரக போட்டில் (நாங்களும் அவர்களும் ஓட்டும் ரஷ்ய நீர்மூழ்கி) பேட்டரி இரண்டு தொகுதி, ஒவ்வொன்றிலும் 120 செல். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். சார்ஜை நிறுத்திய பிறகும் செல்லிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே காற்றோட்டத்தை உடனே நிறுத்தக் கூடாது. நான் சொன்னது இதைத்தான். முன்கூட்டியே அச்சடித்துத் தந்த மொழிபெயர்ப்பில் 'சார்ஜ் முடிந்ததும் காற்றோட்டத்தை நிறுத்தவும்' என்று இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பாடம் முடிந்ததும் யாரையாவது எழுப்பி, வாயால் சொல்ல வேண்டாம், கையால் செய்து காட்டு என்பது என் பழக்கம். அந்தப் பையன் சார்ஜை நிறுத்தினான், நேராகப் போய் விசிறியையும் நிறுத்தினான். எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது.

2014 பிப்ரவரி 26 அன்று மும்பைக் கடலில் எங்கள் கிலோ போட்டான சிந்துரத்னாவில் கேபிள்கள் எரிந்து புகை சூழ்ந்தபோது இரண்டு அதிகாரிகளை இழந்தோம். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2013 ஆகஸ்ட் 14 அன்று, மும்பைத் துறைமுகத்திலேயே அதே ரக சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் போனார்கள். இதெல்லாம் எங்கள் வீட்டுச் சாவு. விருந்தாளிப் பிள்ளை ஒருவன் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தால் சாகக் கூடாது. அன்றே அச்சடித்த தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டேன்.

பிறகு வழி கிடைத்தது ரஷ்ய மொழியில். எங்கள் கிலோ போட்கள் 1986 முதல் வந்தவை. அவர்கள் 2009இல் ஆர்டர் கொடுத்த ஆறும் அதே குடும்பம், கொஞ்சம் புதிய வார்ப்பு. இரண்டிலும் வால்வுக்கு வால்வு, சுவிட்ச்சுக்கு சுவிட்ச் ரஷ்யப் பெயர்ப்பலகை. பேட்ச்சில் இருந்த மூத்தவர்கள் ரஷ்யாவில் பயிற்சி எடுத்தவர்கள். எனக்கும் பழைய சீஃப்கள் அடித்துக் கற்றுத்தந்த ரஷ்யச் சொற்கள் இருந்தன. பலகையைக் காட்டி, ரஷ்யப் பெயரைச் சொல்லி, கையால் செய்து காட்டி, அவர்களையும் செய்யவைத்து ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டே போனோம். மொழிபெயர்ப்பாளர் வராத நாளில்கூட வகுப்பு நடந்தது. மொழிபெயர்த்த தாளை மட்டும் நம்பாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். இந்தப் பதிவில் இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

சிலர் என்னிடம், நம் வித்தையை வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் இப்படி மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லலாம், சொல்லக் கூடாது என்ற எல்லையைப் பள்ளி எழுதியே தரும், அதைத் தாண்டியதில்லை. ஆனால் 1967 டிசம்பர் 8 அன்று ரீகா துறைமுகத்தில் கமாண்டர் கே.எஸ். சுப்ரமணியன் தலைமையில் நம் முதல் நீர்மூழ்கியான கல்வரியில் கொடி ஏற்றியபோது நம்மிடம் என்ன வித்தை இருந்தது? சோவியத் ஆட்கள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான். நமக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுப்பதில் எனக்குப் பெருமைதான்.

கடைசியில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் நன்றாகவே முடிந்தது. ஆனால் சான்றிதழில் மறுபடி அதே 'நுயென் வி.' அச்சுக்கு அனுப்பியவர் என் பட்டியலை எடுக்காமல் பழைய பாஸ் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார். மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். முத்திரை போட்ட அந்தப் பட்டியல் பிரதி என் பையிலேயே இருந்ததால் யாரும் வாதாட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அத்தனையும் மறு அச்சு. பட்டியலில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைசி நாள்வரை உங்களிடமே வைத்திருங்கள். சான்றிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயரை அவர்கள் கையாலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.