ஐ.சி.யூ.வில் அப்பாவிடம் பேசியது

செயற்கை சுவாசக் கருவியின் குழாயை எடுத்த மறுநாள், சுவரில் எறும்பு ஊர்வதாகவும் செவிலியர்கள் தம்மைக் கடத்தி வந்திருப்பதாகவும் அப்பா சொன்னார். கடுமையான நிமோனியாவுடன் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குக் கொண்டுவந்தபோதுகூடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அம்மா அழத் தொடங்கினார்.

இந்நிலைக்கு டெலிரியம் என்று பெயர். நோய்த்தொற்று, மயக்க மருந்து, உறக்கமின்மை ஆகியவை சேர்ந்து மூளையின் கவனத்தைக் குலைப்பதால் வருவது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. ஒரே நாளில் கூடும், குறையும். பெரும்பாலும் நாள் செல்லச் செல்லத் தெளியும். பிதற்றுபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஆனால் இதன் இன்னொரு வடிவத்தில் நோயாளி பேச்சற்று, எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடப்பார். அதை நல்ல ஓய்வு என்று உறவினர்கள் நம்பிவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அவருடைய வழக்கமான இயல்பை அறிந்தவர்கள் நாம்தான் என்பதால், அந்த மாறுதலைச் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டியவர்களும் நாமே.

மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும்தான். சரியாகப் பார்க்கவும் கேட்கவும் முடியாதவருக்குக் குழப்பம் அதிகமாகும் என்றார். பார்வையாளர் நேரத்தில் ஒருவரை மட்டுமே அனுமதித்தார்கள். கைகளைச் சுத்தம் செய்துகொண்டு உள்ளே போனவர், தாம் யார், இது எந்த ஊர், என்ன கிழமை, காலையா மாலையா என்பதை முதலில் சொன்னார். எறும்பு இல்லையென்று வாதிடவில்லை. இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. "நாங்க பக்கத்துலயே இருக்கோம்ப்பா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியைப் பற்றியும் காப்பிச் செடிகள் பூத்திருப்பதைப் பற்றியும் பேசினோம். இரவில் அவரை உறங்க விடுவதும் மருத்துவமே என்பதால், நேரம் முடிந்த பின்பு உள்ளே விடும்படி யாரும் வற்புறுத்தவில்லை.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவமனைகளில் நோயாளிக்காகச் செவிலியரும் குடும்பத்தினரும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அதைப் படித்திருந்த என் தங்கை, அன்றன்று நடந்ததை ஒரு நோட்டில் எழுதிவந்தாள். வீடு திரும்பிய பின்பு, தம்மைக் கட்டிப்போட்டார்கள் என்ற நினைவு அப்பாவை உறங்கவிடாமல் வாட்டியது. குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கத்தான் கைகளைத் துணியால் தளர்வாகக் கட்டியிருந்தார்கள் என்பதை அந்த நோட்டிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினோம். கெட்ட கனவுகள் இன்னும் முழுவதுமாக நிற்கவில்லை. அதற்காக அடுத்த மாதம் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம், நோட்டையும் கொண்டுபோகிறோம்.